வேலைவாய்ப்புப் பனியுகம்: பட்டதாரி வேலைச் சந்தையைப் புள்ளியியல் இயற்பியலால் அளப்பது எப்படி?

ஜப்பானில் கல்லூரி மாணவர்கள் கடைசி ஆண்டு படிக்கும்போதே வேலை தேடி முடித்துவிடுவார்கள். மார்ச் மாதம் பட்டம், ஏப்ரல் 1 அன்று எல்லோரும் ஒன்றாக வேலையில் சேர்வது என்பது அங்கே வழக்கம். அந்த ஏப்ரலைத் தவறவிட்டவர் மறு ஆண்டு வரிசையில் நின்றால், நீண்ட காலம் பெரும்பாலான நிறுவனங்களின் கணக்கில் அவர் 'ஷின்சொட்சு', அதாவது புதுப் பட்டதாரி, இல்லை என்றே இருந்தது. வாசல் ஒன்றுதான், அது திறந்ததும் ஒரு முறைதான்.

1989 டிசம்பர் 29 அன்று டோக்கியோவின் நிக்கேய் குறியீடு 38,915 புள்ளிகளில் முடிந்தது. அதற்குப் பிறகு சரிவு. 1993 முதல் 2005 வரை பட்டம் வாங்கியவர்களின் காலத்தை ஜப்பானியர்கள் 'வேலைவாய்ப்புப் பனியுகம்' என்கிறார்கள். பொருளாதாரம் பின்னால் ஓரளவு மீண்டது. ஆனால் அந்தத் தலைமுறையில் பலர் நிரந்தர வேலைக்கு வராமலே நடுவயதைத் தொட்டார்கள்.

பிளஸ் டூ இயற்பியலில் காந்தத் தயக்கக் கண்ணி வரைந்தது நினைவிருக்கும். புலத்தைக் குறைத்துவிட்டுப் பழைய அளவுக்கே திரும்பக் கொண்டுவந்தாலும் இரும்பு பழைய நிலைக்கு வருவதில்லை. 1986-இல் பிளான்ஷார்ட், சம்மர்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஐரோப்பிய வேலையின்மையை விளக்கத் 'தயக்கம்' (ஹிஸ்டரிசிஸ்) என்ற இதே சொல்லைத்தான் எடுத்தார்கள். இந்த ஒப்புமையை வெறும் உவமையாக விட்டுவிடாமல் எண்களோடு எப்படிச் சோதிப்பது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். பிளஸ் டூ கணிதமும் கொஞ்சம் பைத்தானும் போதும்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

'வேலைச் சந்தையை ஐசிங் மாதிரியால் விளக்குதல்' என்பது கேள்வி இல்லை (ஐசிங் மாதிரி என்பது காந்தத்தை விளக்கும் ஒரு கணித மாதிரி, படி 5-இல் வரும்). மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு சந்தையைத் தேடினால் எல்லாமே காந்தமாகத்தான் தெரியும். நாம் எடுக்கும் கேள்வி இது: இடங்கள் திரும்பி வந்தபோது பட்டதாரிகள் ஏன் திரும்பி வரவில்லை?

இதிலேயே இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. நிறுவனங்கள் ஆள் எடுப்பதை ஏன் ஒன்றாக நிறுத்தின என்பது ஒன்று. வெளியே நின்றவர்கள் ஏன் வெளியிலேயே நின்றார்கள் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு 'துகள்' நிறுவனம், இரண்டாவதற்குப் பட்டதாரி. இரண்டையும் ஒரே மாதிரிக்குள் திணிக்காதீர்கள்.

படி 2: நான்கு ஆண்டுகள், இரண்டு எண்கள்

முதல் எண் ரெக்ரூட் வொர்க்ஸ் ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடுவது: தனியார் வேலை தேடும் ஒரு மாணவருக்கு எத்தனை காலியிடங்கள் என்ற விகிதம். இரண்டாவது கல்வி அமைச்சகத்தின் பள்ளி அடிப்படைக் கணக்கெடுப்பில் வருவது: பட்டம் வாங்கியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள்.

1991: விகிதம் 2.86, சேர்ந்தவர்கள் 81.3 சதவீதம்
2000: விகிதம் 0.99, சேர்ந்தவர்கள் 55.8 சதவீதம்
2003: விகிதம் 1.30, சேர்ந்தவர்கள் 55.1 சதவீதம்
2012: விகிதம் 1.23, சேர்ந்தவர்கள் 63.9 சதவீதம்

2000-க்கும் 2003-க்கும் நடுவே விகிதம் ஏறியிருக்கிறது, சேர்ந்தவர்கள் ஏறவில்லை. 2012-இல் இடங்கள் 2003-ஐவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் சேர்ந்தவர்கள் அதிகம். மாதிரி எதையாவது விளக்க வேண்டுமென்றால் இதைத்தான் விளக்க வேண்டும்.

இடையில் ஆட்களின் எண்ணிக்கையும் ஏறியது. 1991-இல் சுமார் 4.28 லட்சமாக இருந்த பட்டதாரிகள் 2003-இல் சுமார் 5.45 லட்சம் ஆனார்கள். இது விகிதத்துக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது, தனியாகச் சேர்த்து இரண்டு முறை எண்ணிவிடாதீர்கள்.

படி 3: முதலில் எந்த இயற்பியலும் இல்லாத மாதிரி

பலரும் தாவிப்போகும் படி இது. என் பார்வையில் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமானதும் இதுதான்.

ஒவ்வொரு காலியிடமும் ஒரு குடம், ஒவ்வொரு பட்டதாரியும் ஒரு பந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு குடங்களில் போடுகிறோம். ஒரு குடத்தில் எத்தனை பந்து விழுந்தாலும் ஒருவருக்குத்தான் வேலை, சில குடங்கள் காலியாகவே இருக்கும். ஒரு குடம் காலியாக இருக்கும் வாய்ப்பு, எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போது, எக்ஸ்ப்(−ஆட்கள்/இடங்கள்); எக்ஸ்ப் (exp) என்பது e என்ற எண்ணின் அடுக்கு. எனவே

வேலை பெற்றவர்கள் = இடங்கள் × [1 − எக்ஸ்ப்(−ஆட்கள்/இடங்கள்)]

ஆட்களை 100 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். 1991-க்கு இடங்கள் 286, விடை 84. உண்மை 81.3. 2000-க்கு விடை 63, உண்மை 55.8. 2003-க்கு விடை 70, உண்மை 55.1. 2012-க்கு விடை 68, உண்மை 63.9.

முதலில் ஓர் எச்சரிக்கை. விகிதத்தின் கீழே இருப்பவர்கள் தனியார் வேலை தேடிய மாணவர்கள். சேர்ந்தவர்கள் சதவீதத்தின் கீழே இருப்பவர்கள் மேல்படிப்புக்குப் போனவர்களையும் சேர்த்து எல்லாப் பட்டதாரிகளும். ஒரு மாணவர் ஒரே இடத்துக்கு விண்ணப்பிப்பதும் இல்லை. ஆகவே 84-ம் 81-ம் அருகருகே வந்ததைப் பார்த்து மகிழ வேண்டாம், அது பாதி தற்செயல். நாம் நம்ப வேண்டியது இடைவெளி மாறும் விதத்தை: 3, 7, 15, அப்புறம் 4. இடங்களை எண்ணுவதாலேயே விளங்கிவிடும் பகுதியைக் கழித்த பிறகும் 2003-இல் பெரிய ஒரு பள்ளம் மிச்சம் இருக்கிறது. இயற்பியலுக்கு இனிமேல்தான் வேலை.

படி 4: குடங்களை இரண்டாகப் பிரியுங்கள்

பனியுகத்திலும் ஜப்பானின் சிறு நிறுவனங்கள் பல ஆள் கிடைக்காமல் இருந்தன. ஆயிரம் ஊழியர்களுக்கு மேல் உள்ள பெரிய நிறுவனங்களிலோ ஓர் இடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் மோதினார்கள். ஆகவே 130 இடங்களில் 30 பெரியவை, 100 சிறியவை என்று பயிற்சிக்காக வைத்துக்கொள்வோம் (பிரிவின் அளவு என் எடுத்துக்காட்டு, கணக்கெடுப்பு அல்ல).

ஒரு பட்டதாரி எந்தப் பக்கம் சாய்வார்? இங்கேதான் புள்ளியியல் இயற்பியலின் முன்னோடி போல்ட்ஸ்மன் வருகிறார். ஓர் இடத்தின் ஈர்ப்பு எவ்வளவு கூடுதலோ, அதை வெப்பநிலையால் வகுத்து எக்ஸ்ப் எடுத்தால் அதன் எடை. பெரிய இடங்களின் மொத்த எடை 30 × எக்ஸ்ப்(ஈர்ப்பு/வெப்பநிலை), சிறியவற்றின் எடை 100. பொருளியலில் மக்ஃபேடனுக்கு 2000-இல் நோபல் பெற்றுத்தந்த தெரிவு மாதிரியும் வடிவில் இதேதான்.

வெப்பநிலை என்ற சொல் இங்கே குழப்பும். அது சந்தையின் சூடு இல்லை. ஆளுக்கு ஆள் விருப்பம் எவ்வளவு வேறுபடுகிறது, நமக்குத் தெரியாத காரணங்கள் எவ்வளவு என்பதன் அளவு. வெப்பநிலை மிக அதிகமானால் ஈர்ப்புக்கு மதிப்பே இல்லை, 100 பேரில் 23 பேர் பெரிய பக்கமும் 77 பேர் சிறிய பக்கமும் போவார்கள். பழைய குடம்-பந்து விடையான 70 அப்படியே கிடைக்கும்.

வெப்பநிலையை இறக்குங்கள். 65 பேர் பெரிய பக்கம் போனால், 30 இடங்களில் சுமார் 26.5 நிரம்பும். மீதி 35 பேர் 100 சிறிய இடங்களில் போய் 29.5 பேர் சேர்வார்கள். மொத்தம் 56. 2003-இன் உண்மை எண்ணுக்கு வந்துவிட்டோம். இதற்குத் தேவைப்பட்டது ஈர்ப்பு/வெப்பநிலை = 1.82 மட்டுமே.

இதை நிரூபணமாக எடுக்கக் கூடாது. தெரியாத ஓர் எண்ணை வைத்துக்கொண்டு தெரிந்த ஓர் எண்ணைப் பொருத்துவது எப்போதும் முடியும். ஆனால் இப்போது சோதிக்க ஒன்று கிடைத்திருக்கிறது: 2012-இல் இந்த 1.82 குறைந்திருக்க வேண்டும், அதாவது மாணவர்கள் சிறு நிறுவனங்களை அதிகம் நாடியிருக்க வேண்டும். நிறுவன அளவு வாரியான விகிதங்களை அதே ரெக்ரூட் வொர்க்ஸ் வெளியிடுகிறது. எடுத்துச் சரிபாருங்கள்.

படி 5: நிறுவனங்களை ஸ்பின்களாக எழுதுங்கள்

இதுவரை இடங்களின் எண்ணிக்கை நமக்கு வெளியிலிருந்து கிடைத்தது. இப்போது முதல் கேள்விக்கு வருவோம்: இடங்கள் ஏன் ஒன்றாக மறைந்தன?

ஜப்பானில் நிரந்தர ஊழியரை நீக்குவது கடினம். காரணமற்ற பணிநீக்கம் செல்லாது என்ற கோட்பாட்டை 1975-இல் உச்ச நீதிமன்றமே உறுதிப்படுத்தியது. ஆகவே சரிவு வரும்போது ஒரு நிறுவனம் எளிதாகக் குறைக்கக்கூடியது ஒன்றுதான், அடுத்த ஏப்ரலின் புது ஆட்கள். உள்ளே இருப்பவர்கள் உறைந்த திடப்பொருள் போல, அசையக்கூடியது மேற்பரப்பு மட்டும். அதிர்ச்சி முழுவதையும் அந்த ஆண்டு பட்டம் வாங்கிய பிள்ளைகள் தாங்கினார்கள். அவர்கள் என்ன படித்தார்கள், எப்படிப் படித்தார்கள் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு ஸ்பின்: வழக்கம்போல் ஆள் எடுத்தால் +1, நிறுத்தினால் −1. அதைத் தள்ளுபவை இரண்டு. ஒன்று பொதுவான புலம், அதாவது பொருளாதார நிலை. இன்னொன்று மற்ற நிறுவனங்களின் சராசரி, அதாவது 'எல்லோரும் நிறுத்துகிறார்கள், நாமும் நிறுத்துவோம்' என்ற இணைப்பு. சராசரிப் புல அணுகுமுறையில் சமன்பாடு இது:

ம = டான்எச்(பு + க × ம)

'ம' எல்லா ஸ்பின்களின் சராசரி, 'பு' புலம், 'க' இணைப்பு (பின்னவை இரண்டும் வெப்பநிலையால் வகுக்கப்பட்டவை). டான்எச் (tanh) எந்த எண்ணையும் −1-க்கும் +1-க்கும் நடுவே அடக்கும் சார்பு. ஆள் எடுக்கும் நிறுவனங்களின் பங்கு (1 + ம)/2. லென்ஸ் 1920-இல் முன்வைத்து, அவருடைய மாணவர் ஐசிங் ஒரு பரிமாணத்தில் தீர்த்த மாதிரியின் எளிய உருவம் இது. பிராக், டர்லாஃப் இருவரும் 2001-இல் பொருளியல் தெரிவுகளுக்கு இதே சமன்பாட்டைத்தான் வருவித்தார்கள்.

கையாலேயே தீர்க்கலாம். ஏதோ ஒரு 'ம' வைத்து வலப்பக்கத்தைக் கணக்கிடுங்கள், வந்ததை மறுபடி உள்ளே போடுங்கள், மாறாமல் நிற்கும்வரை தொடருங்கள்.

'க' 1-க்குக் கீழே இருந்தால், உதாரணமாக 0.8, பு = 0-வில் ஒரே விடைதான்: பாதி நிறுவனங்கள் எடுக்கும், பாதி எடுக்காது. புலத்தை எந்தப் பக்கம் ஆட்டினாலும் மென்மையாகப் போய் மென்மையாகத் திரும்பும். தயக்கம் இல்லை.

க = 1.5 என்று வையுங்கள். பு = 0-வில் மேல் விடை ம = 0.86, அதாவது 93 சதவீத நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன. புலத்தை மெல்ல இறக்குங்கள். −0.1, −0.2 வரை பெரிதாக ஒன்றும் நடக்காது. −0.208-ஐ நெருங்கும்போது பங்கு 79 சதவீதம். அதைத் தாண்டியதும் ஒரேயடியாக 4 சதவீதம். இப்போது புலத்தைப் பழையபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பொருளாதாரம் பழைய நிலைக்கு வந்துவிட்டது, ஆனால் ஆள் எடுப்போர் 7 சதவீதம்தான். மீண்டும் மேலே தாவ +0.208 வேண்டும். வெறுமனே பழைய நிலைக்கு வருவது போதாது, பழையதைவிட நன்றாக வேண்டும். தயக்கம் என்ற சொல்லின் இரண்டு பொருளும் இங்கே ஒன்றாகப் பொருந்துவதை நான் ஒவ்வொரு முறையும் வியந்து பார்க்கிறேன்.

உண்மையில் எந்த ஆண்டும் 4 சதவீதம் வரை விழவில்லை. காரணம், நிறுவனங்கள் ஒன்றுபோல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனிப் புலம் ஒன்றைச் சேர்த்தால் அது சீரற்ற புல ஐசிங் மாதிரி. இரும்புத் துண்டு காந்தமேறும்போது படபடவென்று கேட்கும் பார்க்ஹாசன் ஓசையை விளக்க 1993-இல் ஜேம்ஸ் செத்னாவும் உடன் ஆய்வாளர்களும் பயன்படுத்தியது இதைத்தான். தனிப் புலங்களின் சிதறல் சிறியதென்றால் பெரும் சரிவு. சராசரிப் புலத்தில், பூஜ்ய வெப்பநிலையில், சிதறல் இணைப்பின் சுமார் 0.8 மடங்கைத் தாண்டினால் சின்னச் சின்னச் சரிவுகளாகப் பிரிந்துவிடும்.

1997-ஐப் பாருங்கள். ஏப்ரலில் நுகர்வு வரி 3-லிருந்து 5 சதவீதமானது. நவம்பரில் ஹொக்கைடோ தாகுஷோகு வங்கியும் யமைச்சி செக்யூரிட்டீஸும் ஒரே மாதத்தில் வீழ்ந்தன. 1998-இல் 65.6 சதவீதமாக இருந்த வேலைச் சேர்க்கை 2000-இல் 55.8. இரண்டே ஆண்டுகளில் பத்துப் புள்ளி. சரிவு போலத்தான் தெரிகிறது. ஆனால் அப்படித் தெரிவதே ஆபத்து.

படி 6: வடாம் சோதனை

தெருவில் பத்து மாடிகளில் வடாம் காய்கிறது. மழைத் தூறல் விழுந்ததும் பத்து வீட்டிலும் ஓடி எடுக்கிறார்கள். பக்கத்து வீட்டைப் பார்த்து எடுத்தார்களா, தலையில் தூறல் விழுந்ததால் எடுத்தார்களா? காலியான மாடிகளை மட்டும் படம் பிடித்தால் சொல்லவே முடியாது.

1993-இல் பொருளியலாளர் மான்ஸ்கி இதைப் பிரதிபலிப்புச் சிக்கல் என்று வரையறுத்தார். பெரிய 'க' சிறிய புலம், சிறிய 'க' பெரிய புலம், இரண்டும் ஒரே வரைபடத்தைத் தரலாம். நாட்டளவிலான ஆண்டுவாரி எண்களை மட்டும் வைத்து 'இணைப்பு 1.5' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் நம்பாதீர்கள்.

வழி ஒன்று உண்டு. தூறல் சில மாடிகளில் மட்டும் விழுந்த நாளைத் தேட வேண்டும். தாகுஷோகு வங்கியின் வீழ்ச்சி அப்படிப்பட்டது. அந்த வங்கியிடம் கடன் வாங்கிய நிறுவனங்கள் நேரடியாக நனைந்தன. அதே ஊரில், அதே தொழிலில், வேறு வங்கியிடம் கடன் வாங்கியவை நனையவில்லை. நனையாதவையும் ஆள் எடுப்பதைக் குறைத்திருந்தால் அந்தக் குறைவில்தான் 'க' இருக்கிறது. அப்போதும் ஊரின் வியாபாரமே படுத்ததால் குறைத்தார்களா என்று பார்த்து அதைக் கழிக்க வேண்டும். பொறுமையான வேலை, ஆனால் இதைச் செய்யாமல் ஐசிங் மாதிரி வெறும் படம்தான்.

படி 7: வெளியே நிற்பவரின் கடிகாரம்

இப்போது துகள் பட்டதாரி. நிரந்தரமற்ற நிலையிலிருந்து நிரந்தர வேலைக்கு மாறும் வேகம் எப்போதும் ஒன்றே என்றால், வெளியே மிஞ்சுபவர்கள் கதிரியக்கச் சிதைவு போல் குறைவார்கள். ஆண்டுக்கு 0.3 என்று வைத்தால் பத்து ஆண்டில் 100 பேரில் 5 பேர்தான் மிச்சம்.

ஆனால் வெளியே நிற்க நிற்க வாசல் சுருங்கினால்? வேகத்தை 0.3/(1 + ஆண்டு/2) என்று எழுதுங்கள். தொடக்கத்தில் அதே 0.3. ஆனால் மிஞ்சுபவர்கள் இப்போது (1 + ஆண்டு/2) என்பதன் −0.6 அடுக்கு. பத்து ஆண்டில் 34 பேர். கண்ணாடியை இயற்பியலாளர்கள் 'மூப்படைகிறது' என்று சொல்வது இதைத்தான். எவ்வளவு காலம் காத்திருந்ததோ அவ்வளவு மெதுவாகிறது. (0.3-ம் 2-ம் பயிற்சிக்கு நான் எடுத்தவை.)

இங்கேயும் ஒரு பொறி உண்டு, அது மனிதர்களைக் காயப்படுத்தும் பொறி. சிலர் வேகமாக மாறுபவர், சிலர் மெதுவாக மாறுபவர், யாருக்கும் மூப்பு இல்லை என்றாலும் இதே வளைகோடு வரும். வேகமானவர்கள் முதலில் போய்விட, மெதுவானவர்கள் மிஞ்சுவார்கள். 'மிஞ்சியவர்கள் தகுதி குறைந்தவர்கள்' என்ற பேச்சுக்குப் புள்ளியியல் உடை இதுவே. இரண்டையும் பிரிக்கப் பட்டம் பெற்ற ஆண்டைப் பயன்படுத்துங்கள். பிறந்த ஆண்டை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. 1991-இல் வந்தவர்களும் 2000-இல் வந்தவர்களும் திறமையில் பெரிதாக வேறுபட வழியில்லை. அவர்களுடைய வளைகோடுகள் பத்து ஆண்டுக்குப் பின்னும் பிரிந்தே இருந்தால் அந்தப் பிரிவுக்கு ஆளைக் காரணம் காட்ட முடியாது.

ஒப்பிட ஒரு நல்ல அளவுகோல் கனடாவில் இருக்கிறது. ஓரியோபோலஸ், வான் வாக்டர், ஹெய்ஸ் மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மந்தத்தில் பட்டம் வாங்கியவர்களின் தொடக்கச் சம்பளம் சுமார் 9 சதவீதம் குறைவு. ஐந்து ஆண்டில் அது பாதியாகி, பத்து ஆண்டில் மறைகிறது. அங்கே நிறுவனம் மாறி மாறி மேலே ஏறுகிறார்கள். ஒரே ஏப்ரல் வாசல் உள்ள நாட்டில் அந்த ஏணி குட்டை.

மாதிரியில் அந்த '2' கொள்கையால் மாறக்கூடிய எண். 2010-இல் ஜப்பான் அரசு, பட்டம் முடித்துக் குறைந்தது மூன்று ஆண்டுவரை உள்ளவர்களையும் புதுப் பட்டதாரிகளாக ஏற்கும்படி நிறுவனங்களுக்கான வழிகாட்டுதலைத் திருத்தியது. நம் மொழியில் சொன்னால் கடிகாரத்தை மூன்று ஆண்டு நிறுத்திவைப்பது. 2010-க்கு முன்பும் பின்பும் வந்தவர்களுக்குத் தனித்தனியே அந்த எண்ணைப் பொருத்திப் பாருங்கள்.

படி 8: கணினியில் ஓட்டுங்கள்

பைத்தானில் நம்பை (NumPy) என்ற கணக்கு நூலகம் போதும். 10,000 நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் மணிவடிவப் பரவலிலிருந்து ஒரு தனிப் புலம். பொதுப் புலத்தை ஆண்டுதோறும் ஒரு படி இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஸ்பின்கள் அமைதியடையும்வரை புரட்டுங்கள். அடியைத் தொட்டதும் அதே படிகளில் ஏற்றுங்கள். இறக்கமும் ஏற்றமும் வேறு வேறு பாதையென்றால் கண்ணி கிடைத்துவிட்டது. ஒரே ஓட்டத்தை நம்பாமல் ஐம்பது முறை வேறு விதை எண்களோடு ஓட்டுங்கள். ஒவ்வோர் ஆண்டும் +1 ஆக இருக்கும் நிறுவனங்களை இடங்களாக மாற்றிப் படி 4-இன் குடங்களில் கொட்டுங்கள். அங்கே இடம் கிடைக்காத பட்டதாரிகளைப் படி 7-இன் கடிகாரத்தில் விடுங்கள்.

பொருத்துவதற்கு 1991 முதல் 2003 வரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2004-க்குப் பிந்தைய எண்களைத் தொடாமல் வைத்திருந்து, கடைசியில் ஒரே ஒரு முறை திறந்து பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அளவுருவைத் திருகாமல், எந்தப் படி உடைந்தது என்று பாருங்கள். என் ஊகம், உடைந்தால் படி 5-இல்தான் உடையும்.

வளைகோட்டின் வாலைச் சோதிக்க ஒரு புள்ளி இருக்கிறது. 2019-இல் ஹியோகோ மாகாணத்தின் தகராசுக்கா நகராட்சி, பனியுகத் தலைமுறைக்கு என்றே 36 முதல் 45 வயதுக்காரர்களுக்கு 3 நிரந்தர வேலைகளை அறிவித்தது. நாடு முழுவதிலிருந்தும் வந்த விண்ணப்பங்கள் 1,816. கடைசியில் எடுக்கப்பட்டவர்கள் 4 பேர். உங்கள் மாதிரியில் 2000-இல் வெளியே நின்றவர்களை 19 ஆண்டு ஓட்டுங்கள். மாறா வேகத்தில் 100-க்கு ஒருவர்கூட மிஞ்சமாட்டார். மூப்படையும் வேகத்தில் 24 பேர் இன்னும் நின்றுகொண்டிருப்பார்கள்.